ஆரஞ்சு இல்லாத மாதம்

மார்ச் 3, செவ்வாய்

நாற்பத்தொரு வீட்டுக்கான காபிக்கொட்டையை வறுத்து, பொட்டலம் கட்டி முடித்தாயிற்று. கார் இல்லாத எங்கள் கார் ஷெட்டில் ஒன்றரை நாள் நின்றதில் இடுப்பு கழன்றுவிட்டது. ஒவ்வொரு பொட்டலத்திலும் இந்த மாதக் காபியில் என்ன சுவை தெரியும் என்று சொல்லும் அட்டையைச் செருகியாயிற்று. வறுப்பதை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். அட்டைக்கு நாக்கு வேண்டும். அந்த நாக்கு எனக்கு இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இந்த மாதச் சந்தாவையே ஆரம்பித்தேன்.

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை, மீதி நேரத்தில் காபி. ரெட்டைக் குதிரை சவாரி போதும் என்று முதலாளிக்கே தோன்றிவிட்டது போல. "விடுறதா இருந்தா முப்பத்தொண்ணுக்குள்ள சொல்லிடுங்கம்மா. இந்த வேலைக்கு ஒரு பொண்ணு காத்துக்கிட்டு இருக்கு" என்றார்.

சொல்கிறேன் என்றேன். விட்டுவிடத்தான் ஆசை.

மார்ச் 5, வியாழன்

எல்லாப் பொட்டலமும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒன்றுகூட கிழியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

நம் காபியை நாமே நிதானமாகக் குடிக்க இன்றுதான் நேரம் கிடைத்தது. அட்டையை எதிரே வைத்துக்கொண்டேன். ஆரஞ்சுத் தோல், தேன். ஒரு வாய் குடித்ததும் ஆரஞ்சு அப்படியே வந்தது. எனக்கு நானே ஷொட்டு கொடுத்துக்கொண்டேன்.

சந்தாதாரர்களும் புகழ்ந்து தள்ளுகிறார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "ஆரஞ்சுத் தோட்டத்தில் காலாற நடந்தது போலிருந்தது" என்று எழுதியிருக்கிறார். ஒரு அம்மாள் போன் செய்து, "உண்மையைச் சொல்லும்மா, தோலைச் சீவிப் போட்டியா?" என்று கேட்டாள். தலை கால் புரியவில்லை எனக்கு.

மார்ச் 11, புதன்

லிஃப்ட் மெக்கானிக் என்று ஒரு சந்தாதாரர். மூன்று மாதமாக வாங்குகிறார், இதுவரை ஒரு வார்த்தை எழுதியதில்லை. இன்று எழுதியிருக்கிறார்: "அம்மா, இதுல ஆரஞ்சே இல்ல. வறுத்த வேர்க்கடலைத் தோல் வாசம்தான் வருது. அட்டை மாறிடுச்சா, இல்ல என் நாக்கு போயிடுச்சா?"

இவருக்கு என்ன தெரியும் என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்தாலும் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன்.

மார்ச் அட்டை எல்லாம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. வேர்க்கடலை, கோகோ. நான் அனுப்பியது ஏப்ரல் அட்டை. இரண்டு மாதத்துக்கும் ஒரே தடவையில் அச்சடித்து வாங்கி, ஒரே மாதிரி இரண்டு பெட்டியில் போட்டு வைத்த கெட்டிக்காரி நான்.

அட்டை மாறியது கூடப் பரவாயில்லை. நான் குடிச்சேனே? எனக்கும் ஆரஞ்சு வந்துச்சே? அந்த வேர்க்கடலையை எழுதினதே நான்தானே — அது எங்க போச்சு அன்னிக்கு? இந்த நாக்கை நம்பியா வேலையை விடப் போறேன்?

மார்ச் 12, வியாழன்

மாதாமாதம் பொட்டலம் கட்ட உதவும் நாத்தனாரிடம் சொன்னேன். அரை மணி நேரம் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாற்பது பேரு சந்தோஷமா குடிச்சிட்டாங்க. வாயை மூடிக்கிட்டு இருங்க அண்ணி. நீங்களே போய்த் தம்பட்டம் அடிக்கணுமா?" என்றாள்.

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சோறு இறங்கவில்லை.

மார்ச் 14, சனி

கடைக்கு ஒருவர் வந்தார். கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பித்தார். முன்னால் உட்கார்ந்திருந்தவர் படித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார். பலகையை மாற்றினேன், மூன்றாவது வரியிலேயே திணறினார். இப்படி எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன். என்னை யார் பிடிப்பது?

வீட்டுக்கு வந்ததும் என் கணவரை உட்கார வைத்தேன். மூன்று கோப்பை. இரண்டில் ஒரே காபி, ஒன்றில் மட்டும் வேறு. மார்ச் காபியும் ஏப்ரல் காபியும். எது வேறு என்று நான் சொல்ல வேண்டும். அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், பொறுமைக்குப் பேர் போனவர். "அவசரமே இல்ல, கண்ணாடியப் பாரு, அப்புறம் எடு" என்று என்னிடமும் அதே பாட்டு.

பத்துத் தடவையில் மூன்று சரி. குருட்டாம்போக்கில் கை காட்டியிருந்தாலும் மூன்று வந்திருக்கும். அழுகை வந்தது, அழுதேன். அவர் கோப்பைகளைக் கழுவி வைத்தார்.

மார்ச் 16, திங்கள்

நாற்பத்தொரு வீட்டுக்கும் எழுதிவிட்டேன். "அட்டை மாறிவிட்டது. நீங்கள் குடித்த காபியில் ஆரஞ்சு கிடையாது. எனக்கும் ஆரஞ்சு தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மன்னியுங்கள்." இரண்டாவது வாக்கியத்துக்கு அடுத்ததை நான்கு முறை அடித்து நான்கு முறை திரும்ப எழுதினேன்.

நாத்தனார் படித்துவிட்டு, "உங்களுக்கு வாயில சனி" என்றாள்.

மார்ச் 18, புதன்

ஐந்து பேர் சந்தாவை நிறுத்திவிட்டார்கள். வலித்தது. மற்றவர்கள் பெரும்பாலும் சிரித்திருக்கிறார்கள். "என் கணவருக்குத் தேன்கூடத் தெரிந்தது, இனி அவர் எதைச் சொன்னாலும் நம்பப் போவதில்லை" என்று ஒருத்தி.

தலைமையாசிரியர் மட்டும் கடுங்கோபம். "ஆரஞ்சு இருந்தது. நான் குடித்ததை நீ எனக்குச் சொல்லாதே." இவரோடு யார் மல்லுக்கட்டுவது? இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 20, வெள்ளி

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். நாற்பது பேருக்குத் தெரியாதது உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். மோட்டார் சூட்டை மோப்பம் பிடித்துப் பழகிய மூக்கு, அது இது என்று ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று நினைத்தேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. என் கண்ணாடி உடைஞ்சு கிடக்கு. அட்டைல என்ன போட்டிருக்குன்னு தெரியல. குடிச்சு முடிச்சப்புறம்தான் வீட்டுக்காரி படிச்சுச் சொன்னா."

எனக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. கடைக்கு வாருங்கள், நானே அளவெடுத்துக் கண்ணாடி போட்டுத் தருகிறேன் என்றேன். "போட்டா அப்புறம் ஆரஞ்சு வந்துடுமே" என்கிறார் மனுஷன்.

மார்ச் 22, ஞாயிறு

இன்றிலிருந்து முதலில் குடிப்பது, பிறகுதான் பேனா. பழைய குறிப்பு எதையும் புரட்டுவதில்லை. பத்துக்கு ஐந்து.

மார்ச் 24, செவ்வாய்

ஐந்து. அவருக்கும் கோப்பை கழுவிக் கை ஊறிவிட்டது.

மார்ச் 26, வியாழன்

ஏழு. சூடாகக் குடிக்கும்போது எனக்கு ஒன்றும் தெரிவதில்லை, ஆறினால்தான் வித்தியாசம் பிடிபடுகிறது. இத்தனை நாள் ஆவி பறக்கக் குடித்துவிட்டுக் கதை எழுதியிருக்கிறேன்.

மார்ச் 29, ஞாயிறு

இரண்டு நாள்தான் பாக்கி. காலையில் கடைசிப் பரிசோதனை என்று வைத்துக்கொண்டோம். நாத்தனாரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள்.

ஒன்பது ஆயிற்று, எட்டு சரி. பத்தாவது தட்டை அவர் சமையலறையிலிருந்து கொண்டுவந்து வைத்தார். ஆறவிட்டுக் குடித்தேன். மூன்றாவது கோப்பைதான் வேறு என்றேன்.

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இல்லம்மா. முதல் கோப்பை."

நாத்தனார் உச்சுக்கொட்டினாள். திரும்பவும் மூன்றையும் குடித்தேன். முதலும் இரண்டாவதும் ஒன்று, சந்தேகமே இல்லை. மூன்றாவதுதான்.

"தாள்ல முதல்னு இருக்கு" என்றார் அவர், மெதுவாக. நான் மறுபடி அழுதுவிடுவேனோ என்று பயம் அவருக்கு.

"தாள்ல என்ன வேணா இருக்கட்டும். மூணாவதுதான்."

"அண்ணி, எட்டு போதும், விடுங்க" என்றாள் நாத்தனார். நான் விடவில்லை. தாளை மடித்து அவர் சட்டைப்பையிலேயே செருகிவிட்டு, யோசித்துப் பாருங்கள் என்றேன். அவர் சமையலறை வாசலை ஒரு பார்வை பார்த்தார், தட்டை ஒரு பார்வை பார்த்தார். வேறாக இருக்கும் கோப்பையின் அடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பது அவர் வழக்கம். முதல் கோப்பையைத் தூக்கினார், ஒன்றுமில்லை. மூன்றாவதைத் தூக்கினார்.

புள்ளி இருந்தது. கதவை முழங்கையால் தள்ளித் திறக்கும்போது தட்டைத் திருப்பிப் பிடித்திருக்கிறார்.

"எனக்கே தெரியலையே" என்றார். "உனக்கு எப்படி அவ்வளவு உறுதி?"

குடிச்சேன், அவ்வளவுதான் என்றேன்.

மார்ச் 31, செவ்வாய்

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் நாளையிலிருந்து வருகிறாள். ஏப்ரல் அட்டையைப் புதிதாக எழுத வேண்டும், இன்னும் எழுதவில்லை. காபி ஆறிக்கொண்டிருக்கிறது.