பரிதியன் ஏன் சங்கிலியை இறக்கினான்?

சொல்லாமல் கொள்ளாமல் போன என் ஆசை மச்சாள் றிஹானாவுக்கு,

சுகமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனமில்லை. நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன். நீ மௌத்தாகி, மண்ணுக்குள் போய் ஒரு வருசம் கழிந்தும் அது ஆறவில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து கதை போட்ட அதே முகநூல் பக்கத்தில்தான் இந்தக் கடிதத்தையும் போடுகிறேன். நாலு பேர் பார்க்கத் திட்டினால்தான் உனக்கு உறைக்கும்.

நம் கதையில் வரும் உன் இளவரசன் பரிதியனால் எனக்கு ஊரில் தலைகாட்ட ஏலாமல் இருக்கிறது. முதலாம் பாகம் புத்தகமாக வந்ததிலிருந்து ஒரே கேள்விதான். மரக்கறிக் கடையில் கேட்கிறார்கள், பஸ்ஸில் கேட்கிறார்கள். போன கிழமை பல்லுப் பிடுங்கப் போனேன். நான் வாயைத் திறந்துகொண்டு கிடக்க, அந்த டொக்டர்ப் பிள்ளை குனிந்து கேட்கிறது: "அக்கா, பரிதியன் ஏன் சங்கிலியை இறக்கினவன்? அவனுக்கு ஆழிமதியில உண்மையா விருப்பம் இல்லையா?" வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு நான் என்னத்தைச் சொல்ல? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது.

எனக்குத் தெரிந்தால் சொல்லமாட்டேனா? தெரிந்த ஒரே ஆள் நீதான். நீதான் போய்விட்டாயே.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ கொட்டாவி விடாமல் கேள்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில் எனக்கும் உனக்கும் எதிரெதிர் மேசை. நீ கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி வருவாய், நான் அன்புவழிபுரத்திலிருந்து வருவேன். பகல் சாப்பாட்டைப் பின்பக்கப் படியில் இருந்துதான் சாப்பிடுவோம். நான் மீன் தொடாத வெள்ளிக்கிழமைகளில் உன் மீனை எனக்காகத் தனிப் பெட்டியில் ஒளித்து வைத்துக்கொண்டு வருவாய். மிச்சச் சோற்றுக்கு, ஊருக்குள் திரியும் மான் ஒன்று வந்து நிற்கும். பார்சல் தாளையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் போகும். ஒருநாள் நீ தண்ணீருக்கு அந்தப் பக்கத்தைக் கையால் காட்டினாய். "அது என்ட ராச்சியம், இது உன்ட ராச்சியம். ரெண்டுக்கும் நூறு வருசச் சண்டை. சரியா?"

அப்படித்தான் செங்கரையும் நீலத்துறையும் பிறந்தன. திமிங்கிலங்களோடு கதைக்கத் தெரிந்த ஆழிமதியை நான் நீலத்துறைக்கு அரசியாக்கினேன். நீ உடனே எதிரி அரசனின் மகனைப் படகில் அனுப்பி அவளைக் காதலிக்க வைத்தாய். பரிதியன் உன் தம்பி, ஆழிமதி என் தங்கச்சி என்று உறவு வைத்து, அன்றிலிருந்து என்னை மச்சாள் என்றே கூப்பிட்டாய்.

சட்டம் போட்டதும் நீதான். அவரவர் ஆளுக்கு அவரவர்தான் வாய். நான் ஆழிமதியாகக் கேட்பேன், நீ பரிதியனாகப் பதில் சொல்வாய். கையில் சோறு காய்ந்துகொண்டிருக்கும், பக்கத்தில் போன் எங்கள் பேச்சைப் பதிந்துகொண்டிருக்கும். அதை ஆளுக்கொரு அத்தியாயமாக முறைவைத்து எழுதிப் போடுவோம். நோன்பு மாதத்தில் நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே, பரிதியன் சிறையில் பட்டினி கிடக்கும் காட்சியைச் சொன்னாயே, அதை வாசித்து அழாத ஆள் இல்லை. ஒருமுறை நீ வராத நாளில் அவனுக்கு நான் ஒரேயொரு வசனம் எழுதிவிட்டேன். அதற்கு எவ்வளவு துள்ளினாய்! "என்ட ஆள்ட வாய்க்குள்ள உன்ட கையை விடாத, புள்ள. அவன் உன்ட பாசையில காதலிச்சா ஆழிமதி ஓடிருவா."

சரி, உன் சட்டத்தை நான் மதித்தேன். நீ என்ன செய்தாய்?

நீலத்துறைத் துறைமுக வாயிலில் இரண்டு மலைக்கும் நடுவே ஓர் இரும்புச் சங்கிலி. அது மேலே இழுபட்டு நிற்கும்வரை எந்தக் கப்பலும் உள்ளே வர ஏலாது. ஆழிமதி அந்தச் சங்கிலியின் காவலையே பரிதியனை நம்பிக் கொடுத்தவள். கடைசி அத்தியாயம் உன் முறை. என்னிடம் ஒரு சொல் கேட்காமல், அவன் கையாலேயே சங்கிலியை இறக்கி, செங்கரைக் கப்பல்களை உள்ளே விட்டு, முதலாம் பாகம் முற்றும் என்று போட்டுவிட்டாய். நான் குசினியில் மீன் பொரித்துக்கொண்டே வாசித்தேன். மீன் கருகிப் போனது. உடனே உனக்குப் போன் எடுத்தேன்.

"ஏன்டி இறக்கினவன்?"

"அதுக்கு ஒரு காரணம் இரிக்கு."

"அப்ப சொல்லு."

"பொறு மச்சாள். ரெண்டாம் பாகத்தில அவனே உனக்குச் சொல்லுவான்."

என்ன சிரிப்புச் சிரித்தாய் அன்றைக்கு.

பிறகு, கண்டியில் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம் என்று லீவு போட்டாய். நல்ல சாறியாக உடுத்துப் படம் அனுப்பு என்று சொல்லிவிட்டேன். படம் வரவில்லை. உன் வீட்டுக்காரர் நௌஸாத் நானாவின் போன் அழைப்புத்தான் வந்தது. கலியாணமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நீ போனது ஆஸ்பத்திரிக்கு. நான் விழுந்தடித்துக் கிண்ணியாவுக்கு ஓடிவரும்போது அடக்கம் முடிந்துவிட்டது. கடைசியாக உன் முகத்தைப் பார்க்கவும் எனக்குக் கிடைக்கவில்லை.

உன் உம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "உனக்குத் தெரியாதா மகள்?" என்று கேட்டா. உன் நோய் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிந்திருக்கிறது. முச்சக்கரவண்டி ஓட்டுகிறவருக்குத் தெரிந்திருக்கிறது. தினமும் ஒரே படியில் இருந்து உன்னோடு சாப்பிட்டவளுக்குத் தெரியாது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒருக்கால் யோசித்தாயா நீ?

இப்போது இரண்டாம் பாகம் கேட்டு ஆளாளுக்கு எனக்கு வகுப்பெடுக்கிறார்கள். அச்சகத்து அண்ணை, "ஆரோ சூனியம் வச்சிட்டாங்கள் எண்டு எழுதுங்கோ தங்கச்சி, அலுவல் முடிஞ்சுது" என்கிறார். என் வீட்டுக்காரர், பரிதியனின் தாயைப் பிடித்து வைத்து மிரட்டியிருப்பார்கள் என்கிறார். வாசகி ஒருத்தி பரிதியனுக்கு ஓர் இரட்டைச் சகோதரன் இருப்பதாக ஆதாரத்தோடு நிரூபித்தே விட்டாள்.

உன் சட்டத்தை மீறி நானும் எழுதிப் பார்த்தேன், மறைக்கவில்லை. சரிவரவில்லை. நான் எழுதும் பரிதியன் என் வீட்டுக்காரரைப் போலவே கதைக்கிறான். "இஞ்ச பாரும், நடந்தது நடந்துபோச்சு" என்கிறான். இப்படிச் சொல்கிறவனை ஆழிமதி மன்னிப்பாளா? நானே இருபது வருசமாக மன்னிக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்தேன்.

கடைசியில் போன மாதம் கிண்ணியாவுக்குப் போய் நௌஸாத் நானாவிடமே கேட்டேன். பரிதியன் ஏன் அப்படிச் செய்தான் என்று உங்களிடமாவது சொன்னாளா என்றேன்.

"பரிதியனப் பத்தி அவ என்னட்ட ஒண்டும் சொல்லல்ல, தங்கச்சி. உங்களப் பத்தித்தான் சொன்னா. நோய் வருத்தத்த உங்களுக்குச் சொல்லிரக் கூடாதெண்டு எங்க எல்லாரையும் சத்தியம் பண்ண வச்சா."

"ஏன் நானா? நான் என்ன பிழை செய்தனான்?"

அவர் பிளேன்ரீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சீனி எப்போதோ கரைந்துவிட்டது. "'வீட்டிலயும் நான் நோயாளி, கிளினிக்கிலயும் நோயாளி. அந்தப் படியில மட்டுந்தான் நான் இளவரசன். சுகந்திக்குத் தெரிஞ்சா அதுவும் போயிரும்' எண்டு சொன்னா."

எனக்கு அழுகை வரவில்லை, றிஹானா. விசர்க் கோபம்தான் வந்தது. என்னை என்னவென்று நினைத்தாய்? நீ சொல்லியிருந்தால் நான் உன்னை இருந்து கதைக்க விட்டிருக்கமாட்டேனா?

விட்டிருக்கமாட்டேன்தான். படியில் இருக்காதே என்று கதிரை இழுத்து வந்திருப்பேன். கறியில் மிளகாய்த்தூள் கூடிவிட்டது என்று பறித்திருப்பேன். நாலு கோயிலுக்கு நேர்ந்து, உன் கையில் நூல் கட்ட வந்து உன் உம்மாவிடம் பேச்சு வாங்கியிருப்பேன். உன் முகத்தைப் பார்த்துப் பார்த்து மூக்கைச் சிந்தியிருப்பேன். நீ பயந்தது சரி. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. நீ செய்தது பிழை என்றால் திட்டி முடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேனே.

அன்று வீட்டுக்கு வந்து எழுதக் குந்தினேன். செங்கரைக் கப்பல்கள் இரண்டாவது முறை வருகின்றன. பரிதியன் தன் தகப்பனின் படைக்கு முன்னாலேயே தண்ணீரில் குதித்து, தான் இறக்கிய சங்கிலியைத் தோளில் போட்டு இழுக்கிறான். ஆழிமதியின் திமிங்கிலங்கள் மற்றப் பக்கத்தைத் தூக்குகின்றன. வாயில் அடைபடுகிறது, நீலத்துறை தப்புகிறது. தோல் கிழிந்து அவன் கரையில் கிடக்க, ஆழிமதி இறங்கி வந்து கேட்கிறாள்: "ஏன் இறக்கினாய்?"

அடுத்த வரி அவனுடையது. நான் மேற்கோள் குறியைத் திறந்து, இடம் விட்டு, மூடினேன். அவள் காத்திருக்கிறாள். பிறகு பக்கத்தில் இருந்து, தன் சேலையைக் கிழித்து அவன் தோளுக்குக் கட்டுப் போடுகிறாள். இன்னொருமுறை கேட்கவில்லை.

நேற்று அச்சகத்து அண்ணை போன் எடுத்தார். "தங்கச்சி, இதில ஒரு வசனம் விடுபட்டுப் போச்சு. அவன் என்ன சொல்றான்?"

"அவனுக்காகக் கதைக்கிற ஆள் இப்ப இல்லை அண்ணை. அப்பிடியே அடியுங்கோ."

"சனம் அச்சுப்பிழை எண்டெல்லோ நினைக்கும்!"

"நினைக்கட்டும்."

உன் மேசையில் இப்போது புதுப் பிள்ளை ஒன்று இருக்கிறது. நல்ல பிள்ளைதான், போனைப் பார்த்துக்கொண்டு மேசையிலேயே சாப்பிடுகிறது. நான் படியில் தனியே இருக்கிறேன். மான் வருகிறது, தாளைத் தின்கிறது, போகிறது.

ஆழிமதி காரணம் தெரியாமலே மன்னித்துவிட்டாள். அவள் அரசி, அவளுக்கு ஏலும். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன்: எத்தனை பாகம் கேட்டாலும் பரிதியனின் வாய்க்குள் எவர் கையையும் விட விடமாட்டேன், என் கையையும்தான். புத்தகம் வந்ததும் பாலம் தாண்டி உம்மாவிடம் வந்து, முழுவதையும் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். அந்த வரி வரும்போது நிறுத்திப் பொறுத்திருப்பேன். சொல்ல ஏதும் இருந்தால் அப்போது சொல்லு.

கோபம் தீராமல்,
ஆழிமதியின் அக்கா, உன் மச்சாள்
சுகந்தி