கைப்பிடி இல்லாத கதவுக்குள் எங்கள் மருத்துவர்

அனுப்புநர்
குல்சினா அசான்பெகோவா,
பதிவேட்டு எழுத்தர்,
மாவட்ட மனநல மருத்துவமனை,
அக்-பெல்.

பெறுநர்
உயர்திரு சுகாதாரத் துறைத் தலைவர் அவர்கள்,
மாகாண நிர்வாகம்.

பொருள்: முன்னாள் தலைமை மருத்துவர் சபார் இத்ரிசொவ் மூன்றாம் வார்டில் பூட்டி வைக்கப்பட்டிருப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் நிலையில் உள்ள ஓர் எழுத்தர் தங்களுக்கு நேரடியாக எழுதுவது முறையல்ல. மன்னிக்க வேண்டுகிறேன். இப்போதைய தலைமை மருத்துவரிடம் மூன்று முறை சொல்லப் போனேன். மூன்று முறையும் அறை வாசலிலிருந்தே திரும்பிவிட்டேன்.

1. இம்மருத்துவமனையை இருபத்திரண்டு ஆண்டுகள் நடத்திய மருத்துவர் சபார் இத்ரிசொவ், மறதி நோய் முற்றி, ஆகஸ்ட் முதல் இங்கேயே நோயாளியாக இருக்கிறார். வயது எழுபத்தாறு. மணமாகாதவர். அநாதை இல்லத்தில் வளர்ந்தவர்.

2. அவர் வருவதற்கு முன் இங்கே வார்டுக் கதவுகளில் கைப்பிடி கிடையாது. கழற்றி மாட்டும் கைப்பிடியை ஊழியர்கள் பையில் வைத்திருப்பார்கள். அவர் அவற்றையெல்லாம் வாங்கி, கதவுகளின் உள்பக்கத்தில் நிரந்தரமாகப் பொருத்தினார். கட்டிலில் கட்டும் பட்டைகளை முற்றத்தில் போட்டு எரித்தார். நோயாளிகளை எண் சொல்லி அழைப்பதை நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் அவரவர் ஏழு தலைமுறைத் தந்தையர் பெயரைக் கேட்டு எழுதினார். தன் பெயரை மறந்தவர்கூட, எங்கள் மக்கள் வழக்கப்படி சிறுவயதில் மனப்பாடம் செய்த அந்த ஏழு பெயரை மறப்பதில்லை என்று கண்டார். அப்பெயர்களோடு மலை மேய்ச்சல் நிலங்களில் அலைந்து, நாற்பத்தொரு பேரை வீடு சேர்த்தார்.

3. இந்த ஆண்டு கைப்பிடிகள் கழற்றப்பட்டன. மருத்துவர் காலையில் கதவருகே போய், கைப்பிடி இருந்த உயரத்தில் தடவிப் பார்க்கிறார். “மன்னிச்சுக்கம்மா, இந்தக் கதவுக்கு மட்டும் மாட்டாம விட்டுட்டேன் போலிருக்கு. தச்சரைக் கூப்பிடு” என்று செவிலியரிடம் சொல்கிறார். பிறகு படுக்கை படுக்கையாகப் போய் நாடி பார்க்கிறார். நோயாளிகளும் கையை நீட்டுகிறார்கள்.

வார்டின் அமைதியைக் குலைத்ததாகக் குறிப்பெழுதி, அக்டோபர் 9, 17, 30 ஆகிய நாட்களில் அவரைக் கட்டிலில் கட்டினார்கள். பட்டை இல்லாததால் போர்வையைக் கிழித்துக் கட்டினார்கள். 17ஆம் தேதி, “எனக்கு இன்னும் நாடி பார்க்கலையே, அவரை அவுத்து விடுங்கடா” என்று கத்திய பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஊசி போடப்பட்டது. இக்குறிப்புகளைப் பதிவேட்டில் ஏற்றியவள் நான்.

4. சேர்க்கையின்போது மருத்துவரிடமும் ஏழு பெயர் கேட்டார்கள். அவர் தடுமாறாமல் சொன்னார். “அநாதை இல்லத்துல எந்த ஏழு பேருய்யா?” என்று தலைமை மருத்துவர் சிரித்தார். வம்சம் பற்றிய பொய்நம்பிக்கை என்று கோப்பில் எழுதினார்கள்.

அவை பொய்யான பெயர்கள் அல்ல. இங்கே யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். அவை என் தந்தையின் ஏழு தந்தையர். என் அத்தை அனிபா இதே மருத்துவமனையில் 68ஆம் எண்ணாகப் பதினோரு ஆண்டுகள் பேசாமல் கிடந்தார். அவர் இறந்துவிட்டார் என்றுதான் எங்கள் வீட்டில் ஊரிடம் சொல்லியிருந்தார்கள். மருத்துவர் கேட்டபோது அவர் வாய் திறந்து சொன்ன முதல் சொற்கள் அந்த ஏழு பெயர்கள். மருத்துவர் எங்கள் கூடாரத்துக்கு வந்து அவற்றை ஒப்பித்தபோது என் தந்தையால் தலை நிமிர முடியவில்லை. அத்தை எங்களோடு பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்து, எங்கள் நடுவே இறந்தார். பெண் கேட்டு வருபவர்களுக்கு அத்தை இங்கே கிடந்தது தெரிந்தால் திரும்பிப் போவார்கள் என்று பயந்து இதை மறைத்தேன். இனி மறைக்கவில்லை.

5. நவம்பர் 4 அன்று என் தந்தை ஆட்டு மந்தையை விட்டுவிட்டு இங்கே வந்து, மருத்துவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பும்படி தலைமை மருத்துவரிடம் கேட்டார்.

“ரத்த உறவு கையெழுத்துப் போடணும் பெரியவரே. உங்களுக்கு அவர் யாரு?” என்றார் தலைமை மருத்துவர்.

“எங்க ஏழு பேரையும் தப்பில்லாமச் சொல்றாரு. என் அண்ணன்தான், வேற யாரு?”

“மந்தையில கலந்த ஆட்டைக் காதுக்குறி பார்த்துப் பிரிச்சு ஓட்டிட்டுப் போற மாதிரி கேக்குறீங்க.”

“அப்படியே வச்சுக்கங்க. காதைப் பாருங்க தம்பி, எங்க வீட்டுக் குறிதான் இருக்கும்.”

வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தந்தை சிரிக்கவில்லை. மனு நிராகரிக்கப்பட்டது.

ஆகவே, கதவுகளில் கைப்பிடிகளை மீண்டும் பொருத்தவும், நோயாளிகளைக் கட்டுவதை உடனே தடை செய்யவும், மேற்கண்ட மூன்று நாட்கள் பற்றி விசாரிக்கவும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மருத்துவரின் சேர்க்கைத் தாளில் நெருங்கிய உறவினர் என்ற இடம் காலியாக இருக்கிறது. அந்தத் தாள் என் மேசையில்தான் இருக்கிறது. நானே நிரப்பியிருந்தால் இந்நேரம் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் திருட்டுத்தனமாக அவரை வெளியே கொண்டுபோக எனக்கு மனமில்லை. ஐயா, அந்த இடத்தில் என் தந்தையின் பெயரை எழுத எனக்கு அனுமதி தாருங்கள்.

இடம்: அக்-பெல்
நாள்: 14 நவம்பர் 2019

இப்படிக்கு,
குல்சினா அசான்பெகோவா
(68ஆம் எண் அனிபாவின் தம்பி மகள்)