இன்னும் ஒரு படம் தேவை

மார்ச் 3, செவ்வாய்

இன்று நாற்பத்தொரு புகார். பதினாறு கோப்பை, ஒன்பது தட்டு, நாலு கண்ணாடி, மீதி சில்லறைச் சாமான். முப்பத்திரண்டு வருஷம் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் தேய்ந்தவனுக்கு ஓய்வுக்குப் பின் கிடைத்த வேலை இது. ஆன்லைனில் வாங்கியது உடைந்து வந்தது என்று ஆட்கள் அனுப்பும் படத்தைப் பார்த்து, தப்பு பெட்டியிலா, வாங்கியவர் கையிலா என்று வீட்டில் உட்கார்ந்தபடி சொல்ல வேண்டும். பேர், விலாசம் எதுவும் எனக்குக் காட்டமாட்டார்கள். புகார் எண்ணும் படமும் மட்டும்தான்.

எல்லார் வீட்டுத் தரையும் எனக்குத் தெரியும். என் வீட்டுத் தரையைப் பெருக்கித்தான் நாலு நாளாகிறது.

மார்ச் 4, புதன்

முப்பத்தெட்டு. யாரோடும் பேசவில்லை.

மார்ச் 6, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு ஒரு கண்ணாடி ஜாடி வந்தது. வாய்ப்பக்கம் சிதறியிருந்தது. ஒற்றை அடுக்கு அட்டை, பபிள் கவர் ஒரே ஒரு சுற்று, காலி இடத்தில் ஒரு காகிதத்தைக் கசக்கிப் போட்டுக் கடமையை முடித்திருந்தார்கள். வழியெல்லாம் ஜாடி உள்ளே ஊஞ்சல் ஆடியிருக்கும். என் கீழே வேலை பார்த்தவன் இப்படிக் கட்டியிருந்தால் அன்றைக்கு அவனுக்குத் தூக்கம் வந்திருக்காது. ஒரே பார்வையில் 'ஏற்கப்பட்டது' போட வேண்டிய புகார்.

ஆனால் அந்த ஜாடியைப் பிடித்திருந்த கை! சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்த கை. என் மனைவிக்கு அப்படித்தான் இருந்தது. அவளிடமிருந்து மகளுக்கு. கட்டைவிரலில் வெட்டுத் தழும்பு. பத்து வயதில் என்னோடு கம்பெனிக்கு வந்து அட்டை வெட்டும் கத்தியை எடுத்து விளையாடியபோது பட்டது. மகளேதான்.

படத்தின் ஓரத்தில் சாக்ஸ் போட்ட ஒரு குட்டிக் கால். யாருடைய கால் அது? எனக்கு ஏன் தெரியவில்லை?

அவள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. என்னைக் கேட்காமல் முடிவு செய்தாள் என்று வீம்பு. அதற்குப் பிறகு அவள் சேதியெல்லாம் மனைவி வழியாகத்தான். காதில் விழாத மாதிரி பேப்பரைப் புரட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வேன். மனைவி இறந்து இரண்டு வருஷமாகிறது. சேதியும் அதோடு நின்றுவிட்டது.

'ஏற்கப்பட்டது' போட்டால் புகார் மூடிவிடும், படமும் மறைந்துவிடும். 'இன்னும் ஒரு படம் தேவை' என்பதை அழுத்தினேன்.

மார்ச் 7, சனி

வந்தது. பெட்டியின் உள்பக்கம். அருகே தரையில் குழந்தைக்கு ஊட்டும் பிளாஸ்டிக் ஸ்பூன். இன்று மூட மனமில்லை.

மார்ச் 9, திங்கள்

இந்த முறை பொத்தானை மட்டும் அழுத்தாமல், குறிப்புக் கட்டத்தில் சொந்த வார்த்தையில் எழுதிப் பார்த்தேன்: "பெட்டியின் வயிறு முழுதும் தெரியும்படி, சற்றுத் தள்ளி நின்று எடுக்கவும்."

அரை மணியில் பதில். படம் இல்லை. "ஒடஞ்சது ஜாடிதான், வீடு இல்ல. எதுக்குத் தள்ளி நிக்கணும்?"

மூக்கு நுனியில் கோபம். என்னிடமிருந்து போனதுதான். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று? எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

படம் வந்தது. தள்ளி நின்றுதான் எடுத்திருக்கிறாள். ஒரு குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டிக்குள் ஏறப் பார்க்கிறது. பின்னங்கழுத்தில் சுருட்டை முடி. மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

மேற்பார்வைப் பெண் போன் செய்தாள். "ஐயா, ஒரு ஜாடிக்கு இத்தனை படமா? அவங்க கத்தப் போறாங்க. சட்டுனு முடிங்க."

"முடிச்சிடறேன்மா."

மார்ச் 11, புதன்

முடிக்கவில்லை. என்ன ஜென்மம் நான்? நியாயமான புகார். உடைந்த ஜாடியை வைத்துக்கொண்டு அவள் ஆறு நாளாகக் காத்திருக்கிறாள். அன்றைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம், தாலி கட்டும் வரைக்கும். மனைவி சொன்னாள். இன்றைக்கும் அவளைக் காக்கவைக்கிறேன். தெரிந்தே செய்கிறேன்.

கடைசியாக ஒன்று. சத்தியமாகக் கடைசி. அழுத்திவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

படத்தில் ஜாடி இல்லை. பெட்டியும் இல்லை. ஒரு பெண் குழந்தை நேராக என்னைப் பார்க்கிறது. கீழே இரண்டு பல்.

குறிப்பு: "உங்க பேத்தி. பதினோரு மாசம். போதுமாப்பா?"

மார்ச் 13, வெள்ளி

மேற்பார்வைப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மொதல்லயே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றாள். 'ஏற்கப்பட்டது' போட்டேன். பேத்தி திரையிலிருந்து போய்விட்டாள்.

மனைவியின் போனில் மகள் எண் இருக்கிறது. இரண்டு வருஷமாக அங்கேயேதான் இருக்கிறது. கூப்பிட்டேன்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"பெட்டிக்கு வயிறு, முதுகுன்னு பேசற ஆளு வேற யாரு இருக்கா?" அப்புறம், அதே மூச்சில், "கல்யாணத்துக்கு ஏன்பா வரல?"

ஐந்து வருஷமாக நான் அடுக்கி வைத்திருந்த காரணங்களில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. "தப்பு என்னோடதுதாம்மா" என்றேன்.

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து, "ஞாயித்துக்கெழம வாங்க" என்றாள்.

"மாத்து ஜாடி அதுக்குள்ள வந்துடும்."

"அதுவும் ஒடஞ்சுதான் வரும். நீங்களே ஒண்ணு வாங்கி, மடியில வச்சு எடுத்துட்டு வாங்க."

மார்ச் 15, ஞாயிறு

பஸ்ஸில் எழுதுகிறேன். ஜாடி மடியில், நோட்டு அதன் மேல். எழுத்து கோணலாகப் போகிறது. பெட்டியில் போட்டுத் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன்.

குழந்தையின் பெயரைக் கேட்கவே மறந்துவிட்டேன். போனதும் முதலில் அதைக் கேட்க வேண்டும். இன்னும் ஆறு நிறுத்தம்.