பன்னிரண்டாவது கதிரை

இன்று காலை மார்க்கம் வீதித் தமிழ்க் கடையில் சந்தனச் சோப்பு அடுக்கியிருந்த பக்கமாகப் போனேன். மணம் மூக்கில் ஏறியதும் கோவிலோ செபமோ எனக்கு நினைவு வரவில்லை. எங்கள் பங்கின் பெரிய மனிதர்களுடைய கால்கள்தான் நினைவுக்கு வந்தன. இருந்திருந்தால் நீ சிரித்திருப்பாய். பெரிய வியாழனுக்கு முதல் நாளே தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, சந்தனம் மணக்க, சப்பாத்துக்குள் புது மேசும் போட்டுக்கொண்டு பீடத்துக்கு முன்னால் கதிரைகளில் வரிசையாக வந்து இருப்பார்களே, அந்தக் கால்கள். தாழ்மையைக் காட்டுகிற சடங்குக்கு இவ்வளவு சோடித்துக்கொண்டு வருகிற ஆட்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இதெல்லாம் உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் எழுத எழுதத்தான் எனக்கு ஆத்திரம் ஆறுகிறது. கடைசி இராவுணவின்போது இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களுடைய காலைக் கழுவினார். அதை நினைத்துப் பெரிய வியாழன் பூசையில் பாதர் பன்னிரண்டு பேருடைய காலைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரையும் தெரிவு செய்வது எங்கள் கொமிற்றி. தவக்காலம் தொடங்கியதும் ஆண்களுக்குக் கொமிற்றித் தலைவர்மேல் அன்பு பெருகிவிடும். முதற் கதிரை தலைமைச் சீடர் இராயப்பருடையது என்று ஒரு கணக்கு. அதில் தலைவர் இருப்பார். கடைசிக் கதிரை காட்டிக்கொடுத்த யூதாசுடையது என்று இன்னொரு கணக்கு. அதில் இருந்தவனை வருடம் முழுக்கப் பகிடி பண்ணுவார்கள் என்பதால் ஒருவரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். விசயம் தெரியாத புது ஆள் ஒருவரைப் பிடித்து அங்கே இருத்திவிடுவார்கள். எல்லோரும் சமம் என்று காட்டுவதற்காகத்தான் இந்தச் சடங்காம்.

இந்தக் கொமிற்றி முளைப்பதற்கு முன்னால் இங்கே கனடாவில் எங்களுக்குத் தமிழில் பூசை இல்லை, தமிழ்ப் பாதர் இல்லை. ஸ்கார்பரோவில் உன்னுடைய அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறைதான் இருந்தது. சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டு நிலத்தில் விரிப்பை விரித்து வைப்பாய். ஊரில் தாயோ தமையனோ செத்துப்போய், போகவும் முடியாமல் தவித்தவர்கள் எல்லோரும் அங்கேதான் வந்தார்கள். செபமாலையை நீதான் தொடங்கினாய். வாசகத்தை வாசித்ததும் நீ, அதற்கு விளக்கம் சொன்னதும் நீ. அழுதவர்களை அழவிட்டுக் காத்திருந்ததும் நீதான். பிற்காலத்தில் தலைவரான அந்த மனிதர் இரவல் ஜக்கெற் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து, உன் விரிப்பில் இருந்து தன் தாய்க்காகக் குழந்தைபோல அழுததை நான் பார்த்திருக்கிறேன். நீ பொம்பிளைதானே என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

பிறகு மேற்றிராணியார் எங்களுக்கு ஒரு கோவிலைத் தந்தார். ஊரிலிருந்து பாதரும் வந்து சேர்ந்தார். முதற் கூட்டத்தில் ஆண்கள் முன்வரிசையில் இருந்து ஆளுக்கொரு பதவியை எடுத்துக்கொண்டார்கள். உனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எங்கள் சனம் ஒரு ஆளுக்குப் பொன்னாடை போர்த்தினால் அவரை முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அன்றிலிருந்து உன் பொறுப்பு பீடத்துப் பூவும் மண்டபத்துத் தேத்தண்ணியும். கூட்டம் முடிந்து காரில் வரும்போது நான் திட்டிக்கொண்டே வந்தேன். நீயோ பூவுக்கு எந்தக் கடை மலிவு என்று கேட்டாய். அந்தக் கேள்விக்காக உன்னோடு இரண்டு வாரம் நான் கதைக்கவில்லை.

ஆனால் நீ சும்மா இருக்கவில்லை. தொழிற்சாலையில் வேலை முடித்த கையோடு பஸ் பிடித்துப் போய், ஆதித் திருச்சபையைப் பற்றி மாலை வகுப்பு ஒன்றில் படித்தாய். சனிக்கிழமைகளில் கோப்பிக் கடையில் எனக்கு எல்லாவற்றையும் சொல்லுவாய். அப்போது கோவில்களே இல்லை, வீடுகள்தான். வீடு பெண்ணுடையது என்றால் சபையும் அவள் கையில்தான் என்றாய். உரோமைச் சபைக்குப் பவுல் எழுதிய கடிதத்தைக் கடல் கடந்து கொண்டுபோனவள் பெபேயாள் என்ற பெண் என்று உன் வகுப்பில் சொன்னார்களாம். கொண்டுபோனவளிடம்தானே அங்கிருந்தவர்கள் விளக்கம் கேட்டிருப்பார்கள் என்று நீ மேசையில் விரலால் தட்டினாய். யூனியா என்ற ஒருத்தியைப் பவுல் அப்போஸ்தலர்களோடு சேர்த்துப் பேசியிருக்க, பின்னால் வந்தவர்கள் அது பெண்ணாக இருக்க முடியாது என்று அவளை ஆணாக்கிவிட்டார்கள் என்றும் சொன்னாய். எங்களுடைய கொமிற்றி அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது என்றேன். நீ கோப்பி புரையேறச் சிரித்தாய்.

சிரித்தாயே தவிர ஒருவரையும் நீ இகழவில்லை. அதுதான் எனக்கு விளங்காத காரியம். எனக்கு விசுவாசம் போய் எத்தனையோ காலம். உனக்காகத்தான் கோவிலுக்கு வந்தேன். உன்னை மிதித்தவர்களுக்கு நீ தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். ஒருநாள் அதைச் சொன்னபோது நீ சீனிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்: “நீ அவையை இகழுறாய், நான் அவைக்காகச் செபிக்கிறன். ரெண்டு பேரும் ஒரே ஆக்களைத்தான் நினைச்சுக்கொண்டு இருக்கிறம்.”

நான் சொல்லவந்த அந்தப் பெரிய வியாழன் வந்தபோது, பெண்களுடைய காலையும் கழுவலாம் என்று றோமிலிருந்து உத்தரவு வந்து இரண்டொரு வருடமாகியிருந்தது. அதை நீ கொமிற்றிக்கு எடுத்துச் சொன்னாய். எங்கள் சனத்துக்குச் சரிவராது என்றார் தலைவர். பாப்பரசரைவிட எங்கள் சனத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு மழையும் பனியும் கலந்து கொட்டியது. கடைசிக் கதிரைக்கு என்று பிடித்து வைத்திருந்த புது ஆள் ஒஷாவாவிலிருந்து வரும் வழியில், 401 நெடுஞ்சாலையில் ஒரு விபத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். பூசை தொடங்கப்போகிறது, பதினொரு பேர்தான் இருக்கிறார்கள். நீ மெல்லத் தலைவரிடம் போய், “தம்பி, நான் இருக்கிறன்” என்றாய். குறை நினைக்க வேண்டாம் அக்கா, சனம் என்ன சொல்லும் என்று அவர் கையைப் பிசைந்தார். பிசைந்துவிட்டு வாகனத் தரிப்பிடத்துக்கு ஓடினார்.

அங்கே ஒரு மட்டக்களப்பு மனிதர் காருக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி எங்கள் பங்கு வேதக்காரி, அவர் சைவர். மனைவியை இறக்கிவிட வந்தவரைத் தலைவர் கையோடு இழுத்துவந்தார். நெற்றியிலிருந்த திருநீற்றைத் தன் கைலேஞ்சியால் துடைத்துவிட்டதை நான் என் கண்ணால் கண்டேன். கோவில் நிறைய ஞானஸ்நானம் பெற்ற பெண்கள் இருக்க, ஒரு சைவரை அப்போஸ்தலராக்கி இருத்தினார்கள். அவரிடம் இருந்த ஒரே தகுதியை எழுத எனக்கு வெட்கமாயிருக்கிறது.

பாதர் ஒவ்வொரு காலாகக் கழுவிக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் முழந்தாளிட்டார். என்ன நடக்கப்போகிறது என்று அப்போதுதான் அந்த மனிதருக்கு விளங்கியிருக்க வேண்டும். துடித்துக்கொண்டு எழும்பிவிட்டார். “ஐயோ சாமி, நீங்க என்ட காலத் தொடப்படாது, எனக்குப் பாவம்” என்றார். பிறகு சுற்றிப் பார்த்து உன்னைக் கண்டுபிடித்துக் கையைக் காட்டினார். “அந்த அக்காவுக்குச் செய்ங்க. எங்கட மாமிட கடைசி நாளில பக்கத்துல இருந்து செபம் சொன்னவ அவதான்.” மைக் கிட்ட இருந்ததால் கோவில் முழுக்கக் கேட்டது.

நீ போய் அந்தக் கதிரையில் இருந்தாய். வலது காலின் சப்பாத்தும் மேசும் கழற்றி, காலை நீட்டினாய். பாதர் குடத்தோடு முதற் கதிரையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே தலைவர் காய்ந்த காலுக்கு மேசு போட்டுக்கொண்டிருந்தார். இல்லை என்று மெல்லத் தலையை ஆட்டினார். எங்கள் பாதர் படித்த மனிதர், றோமுக்கே போய்ப் படித்தவர். குடத்தைப் பீடப் பணியாளரிடம் கொடுத்துவிட்டுப் போய்த் தன் கையைக் கழுவிக்கொண்டார். இயேசுவைச் சாவுக்குக் கையளித்துவிட்டுப் பிலாத்துவும் அந்த வாரத்தில்தான் கையைக் கழுவினான்.

நீ எழும்பி ஓடவில்லை. பூசை முடியுமட்டும் அங்கேயே இருந்தாய், ஒரு கால் குளிர்ந்த நிலத்தில் வெறுங்காலாக. எனக்கு உன்மேலும் கோபம் வந்தது.

பூசை முடிந்ததும் ஆண்கள் மண்டபத்துக்குக் கோப்பி குடிக்கப் போனார்கள். பாத்திரங்களைக் கழுவி வைப்பது பெண்களுடைய பொறுப்பு, அந்தக் கால் கழுவிய தட்டமும் சேர்த்து. பாதர் உடுப்பு மாற்றுகிற அறையில் நீயும் நானும் மட்டும் நின்றோம். வெறுங்காலோடு நீ ஏன் அந்தக் கதிரையிலேயே இருந்தாய், ஏன் இப்படி அவமானப்பட்டாய் என்று கேட்டேன். ஒரு மனிதர் எழும்பித் தந்த இடத்தை வேண்டாம் என்றால் அவருக்கு அவமானம் என்றாய். தட்டத்தைக் கழுவிச் சுடுதண்ணீர் பிடித்தாய். பிறகு என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னாய்.

“எனக்கு உதுகளில நம்பிக்கை இல்லை எண்டு உனக்குத் தெரியும்” என்றேன்.

“நம்பிக்கை இல்லாட்டி என்ன, கால் இருக்குதுதானே” என்றாய்.

முழங்கால் வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து என் காலைக் கழுவினாய். ஒரு கால் அல்ல, இரண்டையும். கழுவிக்கொண்டே, நிமிர்ந்து பாராமல் சொன்னாய்: “இயேசு உந்தக் கால் கழுவுறதை ஆரிட்டைக் கண்டு பழகினவர் எண்டு நினைக்கிறாய்? அந்தச் சாப்பாட்டுக்குக் கொஞ்ச நாளைக்கு முந்தி ஒரு பொம்பிளை அவற்ர காலுக்குத் தைலம் பூசித் தன்ர தலைமயிராலை துடைச்சவள். பாத்துக்கொண்டு நிண்டவை வீண் செலவு எண்டவை. அவளை விடுங்கோ எண்டு அவர் சொன்னவர். பிறகு தானும் செய்தவர்.” நீ துவாயை எடுத்து விரலிடுக்கெல்லாம் துடைத்தாய். “உவை இருந்து வாங்கத்தான் பழகியிருக்கினம். செய்யப் பழகேல்ல.”

உனக்குக் கதிரை தேவைப்படவில்லை, தண்ணீர்க் குடம்தான் தேவைப்பட்டது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

போன மார்கழியில் நீ போய்விட்டாய். உன் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் தலைவர் மைக்கை விடவில்லை. நீ அவர்களுக்கெல்லாம் ஒரு தாய் மாதிரியாம். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். தாய் என்று சொல்லிவிட்டால் தலைவி என்று சொல்லத் தேவையில்லை அல்லவா. செத்த பெண்களை மதிப்பதில் எங்கள் ஆட்களை மிஞ்ச ஒருவரும் இல்லை. செத்தவள் கூட்டத்தில் கை உயர்த்தமாட்டாள்.

போன கிழமை அவரே எனக்கு அழைப்பு எடுத்தார். காலம் மாறிவிட்டதாம், இந்த வருடம் பெரிய வியாழனுக்கு ஒரு மாற்றம் கொண்டுவருகிறார்களாம். உன்னுடைய ஞாபகமாக நான் வந்து ஒரு கதிரையில் இருக்க வேண்டுமாம். எந்தக் கதிரை என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, கடைசி என்றார்.

“அவ இருக்க ஆசைப்பட்டவ இல்லைத் தம்பி, கழுவ ஆசைப்பட்டவ. குடத்தை என்னட்டைத் தாறியளோ?” என்றேன்.

அது முறையில் இல்லை, பாதரைக் கேட்க வேண்டும் என்று இழுத்தார். கேட்டுக் கஷ்டப்பட வேண்டாம், அந்த நேரத்துக்கு என் வீட்டில் நானே செய்கிறேன், விருப்பமானவர்கள் வரட்டும் என்றேன். அது பூசை ஆகாது என்று எச்சரித்தார். ஓம், வெறும் தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டு வைத்தேன். எனக்கு நல்ல சந்தோசம். பன்னிரண்டு கதிரையும் தூக்கி அவர் தலையில் போட்டதுபோல இருந்தது. உண்மையில் ஒருவரும் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து அதே இலக்கத்திலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் வாங்கிக் கட்டத்தான் எடுக்கிறார் என்று ஆயத்தமாகத் தூக்கினேன். தலைவர் இல்லை, அவருடைய மனைவி. அவளோடு நான் இரண்டு சொல் சேர்த்துக் கதைத்ததே இல்லை. அவர் மனைவி என்பதற்காகவே கதைக்கவில்லை. பேக்கரித் தொழிற்சாலையில் நின்றபடி வேலை செய்து குடும்பத்தை இழுத்தவள், அவர் தலைவராயிருக்க நேரம் வேண்டுமே. சாப்பாட்டு மேசையில் அவர் என்னைத் திட்டித் தீர்த்ததில் விசயம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. குரலை நன்றாகத் தாழ்த்திக் கேட்டாள்.

“அக்கா, நானும் வரலாமோ? என்ர கால் வெடிச்சுப்போய்க் கிடக்கு. பாக்க வடிவாயிராது.”

எதற்கும் ஒரு குத்தலைக் கையில் வைத்திருக்கிறவள் நான். வா பிள்ளை என்று மட்டும் சொன்னேன். மட்டக்களப்பாரின் மனைவியையும் கூட்டிக்கொண்டு வருகிறாளாம்.

உன் விசுவாசம் எனக்கு வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. பொய் சொல்லி உன்னைச் சந்தோசப்படுத்தமாட்டேன். அந்த மனிதர்களை இகழ்வதையும் நான் விடப்போவதில்லை, அவர்கள் அதற்கு நன்றாக உழைத்திருக்கிறார்கள். ஆனால் உன் கை என் காலைப் பிடித்த விதம் எனக்குத் தெரியும். குதியை உள்ளங்கையில் தாங்கி, அவசரப்படாமல், விரலிடுக்கெல்லாம் துடைத்து. வியாழக்கிழமை தலைவர் மனைவியின் அந்த வெடித்த காலைத்தான் முதலில் கழுவுவேன்.