திரும்பி வந்த சாயத் துண்டுகள்

அன்புள்ள கோரினுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம், அலாஸ்காவில் குளிரைத் தவிர உனக்கும் எல்லாம் நலமாகவே இருக்கும் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய சால்மன் டப்பாக்கள் நசுங்காமல் வந்தன. ஒன்றைச் சோள ரொட்டியோடு முடித்துவிட்டு அடுத்ததை ஞாயிறு வரை தொடக்கூடாது என்று அப்பா தனக்கே சட்டம் போட்டார், சனிக்கிழமையே மீறிவிட்டார். படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ஏன் வேண்டாம் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஏப்ரலில் சாக்ஸ் ஆலை மூடியது உனக்குத் தெரியும். தெரியாதது இது. வெளிநாட்டுச் சரக்கு வந்து வேலை போனவர்களுக்கு வேறு தொழில் படிக்க அரசாங்கம் செலவு செய்கிறது, படிக்கும் காலத்துக்கு வாராவாரம் உதவித்தொகையும் உண்டு. அதற்கு மூன்று தொழிலாளிகள் சேர்ந்து மனுப் போட வேண்டும். இருபத்தேழு வருடம் சாக்ஸின் விரல் நுனியை மூடித் தைத்தாளே வெர்லீன், அவள்தான் படிவத்தோடு வந்தாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதில் நர்சிங் படிக்க ஆசை. உதவி கிடைத்தால் கல்லூரி, கிடைக்காவிட்டால் கோழி வெட்டும் ஆலை. இதெல்லாம் காகிதத்தோடு நின்றுவிடும், எனக்கு நம்பிக்கை இல்லை என்றேன். பேனாவை என் பக்கம் தள்ளி, "ஏ காலேஜ்காரி, உன்ன நம்பவா சொன்னேன், கையெழுத்துத்தான போடச் சொல்றேன், மூணாவது ஆள் கெடைக்கல" என்றாள். எப்போதோ ஒரு வருடம் நான் கல்லூரிக்குப் போனதற்கு இன்னமும் அவள் வைக்கும் கேலிப் பெயர் அது. அவள் கிளம்பினால் போதும் என்றுதான் போட்டேன்.

ஜூனில் மனுவைத் தள்ளிவிட்டார்கள். இரண்டு வருடமாக ஆலையின் உற்பத்தி குறையவே இல்லை, பிறகு எப்படி இறக்குமதியால் பாதிப்பு என்று பதில். எங்களுக்கே திகைப்பு. பிறகுதான் புரிந்தது. பேக்கிங் கூடத்துக் கரும்பலகை உனக்கு நினைவிருக்கும், வெள்ளிக்கிழமைதோறும் எத்தனை டஜன் என்று எழுதுவார்கள், போன வருடக் கணக்கைத் தாண்டினால் கேக். கடைசி இரண்டு வருடமாக வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக சாக்ஸ் வந்தது, நம் பெண்கள் அதன் காகிதப் பட்டையைக் கழற்றி நம் ஆலைப் பெயர் போட்ட பட்டையைச் சுற்றி அனுப்பினார்கள். கூடத்து மேஸ்திரி ஹோய்ட் அதையும் சேர்த்துப் பலகையில் எழுதினார், ஆலை அலுவலகம் பலகையைப் பார்த்து வாஷிங்டனுக்கு எழுதியது. யாரும் அவரைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. நம் வீட்டுச் சமையலறையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "நம்பர் கொறஞ்சா பிள்ளைங்க மொகம் வாடிருதேன்னு ஏத்தி எழுதுனேன், நாந்தான் கெடுத்தேன்" என்றார். கோழி ஆலைப் படிவத்தைக் கையில் வைத்திருந்த வெர்லீன், "விடு ஹோய்ட், கேக்கு தின்னது நாங்கதான" என்றாள்.

மறுபரிசீலனை கேட்க முப்பது நாள் இருந்தது. அப்போதுதான் என் சாயக்கூடத்து அட்டைகள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு முறை சாயம் போட்டதும் விரலகலத் துண்டு வெட்டி, தேதி எழுதி அட்டையில் ஒட்டுவேன். வெளிநாட்டு சாக்ஸ் சாயம் ஏறியே வந்தது, என் தொட்டிக்கு வரவே இல்லை. அந்த இரண்டு வருடத்தில் முதல் வருடத்து அட்டைகள் செருப்புப் பெட்டி நிறைய, கடைசி வருடத்தவை ஒரு கைப்பிடி. ஹோய்ட் தன் தவறைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார், எல்லாவற்றையும் நீல நூலால் கட்டி அனுப்பினோம். ஏதோ மூலையில் போட்டு மறந்துவிடுவார்கள் என்றுதான் அப்போதும் நினைத்தேன். மூன்று வாரம் கழித்து வாஷிங்டன் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அக்டோபருக்கு அப்புறம் கறுப்புல ஒரு அட்டகூட இல்லையே, தொலஞ்சிருச்சா, இல்ல நீங்க சாயமே போடலயா" என்று கேட்டாள். நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அட்டைகளை மேலாளர்கூடப் புரட்டியதில்லை. போடவில்லை என்றேன்.

போன செவ்வாய் உதவி உண்டு என்று ஆணை வந்தது, ஆலையில் வேலை போன நூற்று நாற்பது பேருக்கும் சேர்த்து. ஆகஸ்டில் வெர்லீன் நர்சிங், நான் குடிநீர்ப் பரிசோதனைப் பயிற்சி, இருவரும் ஒரே கல்லூரி. "நானும் இனிமே காலேஜ்காரிதான், பாத்துப் பேசு" என்று வெர்லீன் இப்போதே மிரட்டுகிறாள். ஆகையால் உன் படிப்பை நீ முடி, என் படிப்பை நான் முடிக்கிறேன்.

நேற்றுப் பெட்டியும் திரும்பி வந்தது. ஒன்று குறையாமல் தேதி வரிசையில் இருந்தது. பசை விட்டிருந்த இரண்டு துண்டுகளை யாரோ திரும்ப ஒட்டியிருந்தார்கள். நூல் அதேதான், முடிச்சு என்னுடையது அல்ல. அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் விட்டேனே என்று இருக்கிறது. கடைசிக் கறுப்பு அட்டையை இதோடு வைத்திருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

நன்றாகச் சாப்பிடு, கம்பளி சாக்ஸ் இல்லாமல் வெளியே போகாதே, அப்பாவின் பிறந்தநாள் பதினெட்டாம் தேதி என்பதை மறக்காதே. நீ நல்லபடி இருக்க எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உண்டு.

உன் அம்மா,
எடித்