மைக்கைத் தத்தெடுத்த ஆடு

அன்பு மகள் யாங்ஜிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஆடுகளும் சுகம், ஷென்ஜென் புழுக்கத்தில் நீயும் சுகமாயிருக்க வானத்தை வேண்டிக்கொள்கிறேன். இங்கே ஒரு கூத்து நடந்தது, கேள். நம் யுகர் பேச்சைப் பதிவு செய்ய லூ வெய் என்றொரு வாத்தியாரம்மா வந்திருக்கிறாள். பேசுகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்களாம், சீக்கிரம் பிடித்து வைக்க வேண்டுமாம். உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, கல்யாணத் தொப்பியைப் போட்டுக்கொண்டு தொழுவத்துக்கே வந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து நம் கறுப்பு மூஞ்சி ஆடு குட்டி போட்டு, கிட்டே சேர்க்காமல் உதைத்துத் தள்ளியது. குட்டி வாயில் ஒரு சொட்டுப் பால் போகவில்லை, கால் துவண்டு கிடந்தது. குட்டியை ஒதுக்கும் ஆட்டுக்கு நம்மவர்கள் பாடுவார்களே, தாய் மனசை இளக்கும் பாட்டு, அதைப் பாடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். வாத்தியாரம்மா, காற்றிரைச்சல் விழாமலிருக்கப் புசுபுசுவென்று ரோம உறை மாட்டிய மைக்கைக் கம்பில் கட்டி நீட்டினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு அப்படிப் பாடினார். ஆட்டுக்கு மனசு இளகி, கண்ணில் நீர் வந்து, மைக்கை நக்க ஆரம்பித்துவிட்டது! அப்புறம் மைக்தான் அதற்குப் பிள்ளை. வாத்தியாரம்மா எங்கே போனாலும் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடுகிறது. யாருக்குப் பாடுறோம்னு கண்ணத் தொறந்து பாக்கக் கூடாதா, தொப்பி போட்ட மரமண்டையே என்று நம் மொழியில் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். ஒங்க வீட்டுச் சீர்ல வந்த ஆட்டு வம்சந்தானே, புத்தி எங்க போகும் என்று அவரும் விடவில்லை.

கடைசியில் நானே உறையை உருவி, முனையைக் கத்தரித்து, குட்டிக்குச் சட்டையாக மாட்டினேன். ஆடு முகர்ந்து பார்த்து, மடியைக் காட்டி நின்றது. குட்டி வாலை ஆட்டி ஆட்டிக் குடித்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பதிவில் பாட்டு முழுக்க ஆடு நக்கும் சத்தம்தானாம், எங்கள் சண்டை மட்டும் சுத்தமாக விழுந்திருக்கிறதாம். வாத்தியாரம்மா அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். பாட்டுப் பாடத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்களாம், இப்படி மூச்சு விடாமல் சண்டை போடத்தான் வீடுகளில் ஆளில்லையாம். மானம் போகிறதே என்று முதலில் கூசினேன், பிறகு ராத்திரியெல்லாம் உன் நினைப்புதான். நீ போனில் சீனத்தில் மரியாதையாக நலம் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய், மகளே, எனக்கு அது வலிக்கிறது.

வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, அனுப்பிய வறுத்த மாவைக் கரைத்தாவது குடி. வானம் உன்னைக் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நலம் விசாரிக்க வேண்டாம், நம் மொழியில் என்னோடு ஒரு சண்டை போடு.

உன் அம்மா,
பால்ஜி