ரோட்டில் வெந்த முட்டை

அன்பு மகன் அழகுராஜாவுக்கு, திருமங்கலத்திலிருந்து அப்பா எழுதுவது. நீ மஸ்கட்டில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும், இந்தத் தடவை அதை எழுதக் கை கூசுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. உன் தங்கச்சி அஸ்வினி பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். நம் ரிப்பேர் கடையில் கருகிப்போன காயிலை மாற்றிக் கட்டுவதற்கு மோட்டார்கள் குவிந்து கிடக்கின்றன, இந்த வெயிலில் ஊருக்குள் ஒரு மோட்டார் உருப்படியாக ஓடவில்லை. போனில் பேசாமல் எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போன் என்றால் நான் பாதி சொல்வதற்குள் நீ சிரிப்பாய், நானும் அந்தச் சிரிப்பைச் சாக்காக வைத்துப் பேச்சை மாற்றிவிடுவேன். செல்லூர்க்காரர் ஒருவர் வெள்ளிக்கிழமை மஸ்கட் வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கடைசி வரி வரைக்கும் படி.

நம் வீட்டு மாடியில் தளம் போட்ட அன்று, வேலைக்கு வந்த பேயாண்டி இறந்துபோனது உனக்குத் தெரியும். அதற்கு மூன்றாம் நாள் டிவிக்காரன் முன்னால் நான் பேசியதை எடுத்து நீ நெட்டில் உன் பக்கத்தில் போட்டிருக்கிறாய். எங்கப்பாவே சொல்லிட்டார், வெயில் பீதி வியாபாரிகள் எல்லாம் கடையை மூடுங்கள் என்று மேலே எழுதி, கைதட்டுகிற படம் வேறு. ஒன்பதாயிரம் பேர் பார்த்தாகிவிட்டது என்று அஸ்வினி காட்டினாள். பார்த்ததும் போனைப் பிடுங்கி அணைத்துவிட்டேன். உன்மேல் மட்டும் கோபம் என்று நினைக்காதே, ஆனால் உன்மேலும் கோபம்தான்.

முட்டையிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். சித்திரை பிறந்த வாரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிவிக்காரன் வந்து, வெயிலில் ரோட்டிலேயே முட்டை வெந்துவிட்டது என்று படம் எடுத்தானே, அப்போது நான் எதிரே டீக்கடையில் இருந்தேன். பக்கத்துப் புரோட்டாக் கடையில் அடுப்பில் கிடந்த சின்னத் தோசைக்கல்லைத் துணியால் பிடித்துத் தூக்கி வந்து தார் ரோட்டில் வைத்து, அதில்தான் முட்டையை உடைத்தான். வேகாமல் என்ன செய்யும்? சாயங்காலம் டிவியில் பார்த்தால் சூரியனுக்குக் கண்ணும் பல்லும் வைத்து, மதுரை மண்ணே எரிகிறது என்று கூப்பாடு போடுகிறார்கள். நான் அதை உனக்கு வாய்ஸ் மெசேஜில் சொன்னேன், நீ விழுந்து விழுந்து சிரித்தாய், உறவுக்காரர்கள் குரூப்பில் எல்லாம் போட்டாய். அன்றிலிருந்து வெயில் என்று யார் வாயைத் திறந்தாலும் முட்டை வெந்த கதையா என்று கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. திருட்டுப் பயலைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை. அவன் காட்டிய முட்டை பொய் என்றால் வெயிலும் பொய் என்று முடிவு கட்டிக்கொண்டேன், அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

கத்திரி வெயில் பிறப்பதற்கு முன்னால் தளத்தைப் போட்டுவிட வேண்டும் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். கத்திரிக்கு ஐந்து நாள் இருக்கும்போது நாள் குறித்தாயிற்று. முந்தின நாளே டிவியில் எச்சரிக்கை ஓடியது, போனுக்கும் வந்தது, பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை வெளியில் வேலை வைக்காதீர்கள் என்று. கொத்தனார் சிவக்குமார் வந்து, அண்ணே, டிவில என்னமோ சொல்றாய்ங்க, விடியக்காலம் நாலு மணிக்கே மிக்சரைப் போட்டு பத்துக்குள்ள முடிச்சிருவோமா என்று கேட்டான். ஒன்பதரைக்கு மேல்தான் நல்ல நேரம், கத்திரியே இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் என்னடா வெயில் என்று நான் விரட்டிவிட்டேன். மிக்சர் வந்து சேரவே பத்தாகிவிட்டது. ஒரு மணி சுமாருக்கு, சட்டி தூக்கிக்கொண்டிருந்த பேயாண்டி ஏணிக்குக் கீழே நின்று, அண்ணே, கண்ணு இருட்டுது, செத்த நேரம் உக்காந்துட்டு வாரேன் என்றான். என்ன பேயாண்டி, உனக்கும் முட்டை வெந்துருச்சா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், சிரித்துக்கொண்டே சட்டியைத் தலைக்கு ஏற்றினான். நாலு படி ஏறியதும் விழுந்தான். ஓடிப்போய்த் தொட்டால் உடம்பு கொதிக்கிறது, ஒரு பொட்டு வேர்வை இல்லை. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், பொழுது சாய்வதற்குள் போய்விட்டான். அவனை அனுப்பிவிட்டு நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா, மிச்சக் கலவையைக் கொட்டி முடித்தோம். நடுவில் நிறுத்தினால் ஒட்டு விழுந்து மழைக்கு ஒழுகும் என்று நான்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் அதே முட்டைக்காரன் மைக்கைத் தூக்கிக்கொண்டு நம் வாசலுக்கு வந்தான். என்னை யாராவது குற்றம் சொல்லிவிடுவார்களோ என்று பயந்துவிட்டேன். வாயில் வந்ததைப் பேசினேன். அதுதான் நீ போட்டிருப்பது. ஒரு சேனலில் பேயாண்டியின் ரேஷன் கார்டு போட்டோவைச் சுற்றித் தீயை எரியவிட்டு, பூமி கொதிப்பதற்கு முதல் பலி என்றார்கள். இன்னொன்றில் ஏ.சி. அறைக்குள் கோட்டு மாட்டிக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்து, பருவநிலை மாற்றம் என்பதே டிவிக்காரர்கள் ஊதிய பலூன், உள்ளூர்ப் பெரியவரே சொல்கிறார் பாருங்கள் என்று என் மூஞ்சியைக் காட்டினார்கள். நடுநடுவே ஐஸ்கிரீம் விளம்பரம். டீக்கடையில் ஊர்க்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, மரத்தை வெட்டியதால்தான் என்று ஒரு கூட்டமும், எல்லாம் நாடகம் என்று ஒரு கூட்டமும் சட்டையைப் பிடிக்காத குறை. அதில் ஒருத்தன்கூட பேயாண்டி வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரு பிணம் தேவைப்பட்டது, கிடைத்துவிட்டது. த்தூ.

முனியாயி பேயாண்டியின் பெண்சாதி, உனக்குத் தெரியும், நீ சின்னப் பிள்ளையில் அவள் கடையில்தான் மாங்காய்ப் பத்தை வாங்கித் தின்பாய். இழவு வீட்டில் அடுப்பு எரியாது என்று அம்மா தினமும் சோறு பொங்கிக் கொடுத்தனுப்பினாள். முதல் மூன்று நாளும் வாங்கிக்கொண்டார்கள். டிவியில் என் பேச்சு வந்த மறுநாள் தூக்குவாளி திறக்காமல் அப்படியே திரும்பி வந்தது. அம்மா திண்டாடிப் போனாள். நான், டிவிக்காரன் நான் பேசியதை வெட்டி ஒட்டிவிட்டான், முன்னும் பின்னும் எவ்வளவோ சொன்னேன் என்றேன். அம்மா நம்பிவிட்டாள். அந்த முட்டைப் பயல்தானே, செய்யக்கூடியவன்தான் என்று அவனைத் திட்டித் தீர்த்தாள். அதையே சொல்லலாம் என்று நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனேன். முனியாயி வாசலில் நின்றுகொண்டே, எம்புருசன் குடிச்சதை நீங்க கண்ணால பாத்தீங்களாண்ணே என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வெட்டினான் ஒட்டினான் என்று சொல்லப் போனவன் தூக்குவாளியோடு திரும்பி வந்துவிட்டேன். அழகுராஜா, அவன் எதையும் வெட்டவில்லை. வெயில் எங்களுக்குப் புதுசா, கத்திரியிலேயே காங்கிரீட் போடுகிற ஊர் இது, ராத்திரி குடித்துவிட்டு வந்திருப்பான், வெறும் வயிற்றில் விழுந்துவிட்டான் என்று முழுக்க நான் சொன்னதுதான். பேயாண்டி குடிக்கமாட்டான் என்பது இந்தத் தெருவுக்கே தெரியும்.

நேற்று தாலுகா ஆபீஸ் போய், எச்சரிக்கை வந்தது எனக்குத் தெரியும், உட்காருகிறேன் என்றவனை நான்தான் உட்காரவிடவில்லை, அவன் குடித்திருக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கேஸ் வந்தால் வரட்டும். அம்மாவிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்த டிவிக்காரனுக்குப் போன் போட்டு, தம்பி, நான் சொன்னது தப்பு, மறுபடி வந்து எடு என்றேன். அவன், அந்த நியூஸ் முடிஞ்சிருச்சு சார், இப்ப கோடைமழைல ஓடிக்கிட்டிருக்கோம் என்று வைத்துவிட்டான். இரண்டு கட்சிக்காரர்களும் மழைக்குப் போய்விட்டார்கள். என் பொய் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது உன் பக்கத்தில் மட்டும்தான்.

அதனால் அந்தப் படத்தை எடுத்துவிடு. எடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதே, இந்தக் கடிதத்தைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அதே இடத்தில் போடு. அப்பாவின் மானம் போய்விடுமே என்று எங்கேயும் குறைத்துவிடாதே, பேயாண்டியிடம் நான் முட்டை வெந்துருச்சா என்று கேட்ட வரி கட்டாயம் இருக்க வேண்டும். பிறகு முனியாயிக்குப் போன் பண்ணு, திட்டினால் வாங்கிக்கொள். பதினாறாம் நாள் காரியத்துக்கு எங்களைக் கூப்பிடவில்லை, கூப்பிடவும் வேண்டாம், நான் போய்த் தெருவில் நிற்பேன்.

நீ நோய் நொடி இல்லாமல், நாலு பேருக்கு நல்லவனாக இருக்க வேண்டும் என்று திருப்பரங்குன்றத்து முருகனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். அம்மாவின் ஆசீர்வாதமும் உண்டு. ஒன்றை மறக்காதே. உங்கள் ஊரில் ஜூன் மாதம் பிறந்தால்தான் மதியத்தில் வேலையை நிறுத்தச் சட்டம் என்று நீதான் சொன்னாய், உனக்குக் கீழே நாற்பது பேர் வெயிலில் நிற்கிறார்கள் என்றும் சொன்னாய். இது மே மாதம். நான் கத்திரி பிறக்கட்டும் என்று இருந்தேன், நீ ஜூன் பிறக்கட்டும் என்று இராதே. கண் இருட்டுகிறது என்று எவனாவது சொன்னால், சிரிக்காமல் உட்கார வை.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. நல்லகாமன்